அண்ணனுக்கு நான் கொடுத்த யித்திஷ் கதைகள்

என் அண்ணன் மகள் பகவதி வெள்ளிக்கிழமை நியூசிலாந்துக்கு விமானம் ஏறுகிறாள். அதற்குள் அவளுடைய அப்பாவை அவள் முன்னால் ஒரு தடவை கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இந்த ஒரு வேலைக்காகத்தான் டொராண்டோவிலிருந்து இரண்டு விமானம் மாறி, கால் வீங்கி வந்து இறங்கினேன். கல்யாணம், காதுகுத்து, அம்மன்கொடை என்று மனிதர்கள் ஊருக்கு வர எத்தனையோ நல்ல காரணம் இருக்கிறது. எனக்கு வாய்த்தது இது.

திருவனந்தபுரத்தில் டாக்ஸிக்காரரோடு வாய்த்தகராறு. பெட்டியில் தொங்கிய கனடா சீட்டைப் பார்த்ததும் அவருக்கு என் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. வீம்புக்கு நாகர்கோவில் பேருந்தில் ஏறினேன். வீம்புக்குத் தண்டனை பாறசாலையில் கிடைத்தது. வண்டி இருமி இருமி ஒரு பேக்கரி வாசலில் நின்றுவிட்டது. நடத்துநர், "பின்னால ஒரு வண்டி வருது, அதுல ஏத்தி விடுகேன். எறங்கி காத்து வாங்குங்க" என்றார். காத்து எங்கே இருந்தது? தார் ரோட்டிலிருந்து ஆவிதான் வந்தது.

பேக்கரி நிழலில் பக்கத்தில் நின்ற இரண்டு அம்மாக்கள் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் மகள் அயர்லாந்தில் நர்ஸ். "தினமும் வீடியோவில் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன கறி, காட்டு என்கிறாள். சட்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டி என் கை கடுக்கிறது" என்றாள் அவள். "காட்டேன், சட்டிக்கு என்ன வெட்கமா?" என்றாள் மற்றவள். இருவரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கை கடுக்கிற அளவுக்கு ஒரு மகள்!

பகவதி போன வருடம் குலசேகரத்துப் பையன் ஷிபுவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கிறிஸ்தவப் பையன். இருவரும் ஒரே மருத்துவமனையில் பிசியோதெரபி பார்த்தவர்கள். அண்ணன் தலைமுழுகிவிட்டார் என்று மதினி போனில் சொன்னாள். எங்கள் பக்கத்தில் அது பேச்சுக்குச் சொல்கிற வார்த்தை மட்டுமில்லை. ஆற்றில் போய் முங்கி எழுந்து, இனி அவள் எனக்குச் செத்தவள் என்று ஈரத் துணியோடு வீட்டுக்கு வருவது. அதற்கப்புறம் அண்ணன் என்னோடும் சரியாகப் பேசவில்லை. அதற்கு முன்னால் நாங்கள் பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. எல்லாம் யித்திஷ் கதைகளைப் பற்றி.

அந்தக் கதைகள் என் கையில் வந்தது ஒரு ஆட்டால். டொராண்டோவில் எங்கள் பேட்டை நூலகம் வருடத்துக்கு ஒரு தடவை பழைய புத்தகங்களைக் கழித்துக்கட்டும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் உள்ளே ஒதுங்கினேன். ஒரு புத்தகத்தின் அட்டையில், ஓட்டுக்கூரை மேல் ஏறி நின்று உலகத்தையே முறைக்கும் ஆடு. ஆட்டுக்காக வாங்கினேன். உள்ளே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த யித்திஷ் சிறுகதைகள். யித்திஷ் என்றால் எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி என்று முன்னுரை சொன்னது. கடவுளிடம் பேச அவர்களுக்கு எபிரேயம் இருந்தது. மீன் பேரம் பேச, மருமகனைத் திட்ட, பிள்ளையைத் தாலாட்ட யித்திஷ். படித்தவர்கள் பலர் அதை அடுக்களைப் பேச்சு என்று மட்டமாக நினைத்தார்களாம். சென்னையில் கல்லூரி விடுதியில் நான் வாயைத் திறந்தால் பாட்டா பேச்சா என்று சிரித்த பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அன்று இரவுச் சாப்பாடு தீய்ந்துபோகும்வரை படித்தேன்.

எப்படி அப்படியொரு ஒட்டுதல் என்று சொல்லத் தெரியவில்லை. பனியும் உருளைக்கிழங்கும் குதிரைவண்டியுமான ஊர்கள். ஆனால் ஆட்கள் வடசேரிச் சந்தையில் பார்த்த ஆட்கள். ஒரு கேள்வி கேட்டால் பதிலாக இன்னொரு கேள்வி கேட்பார்கள். பணமில்லாதவன்தான் அதிகமாக அறிவுரை சொல்வான். ஒவ்வொருத்தருக்கும் கடவுளோடு தனித்தனியாகத் தீராத வழக்கு. உப்பிட்ட மீனும் வெங்காயமும் கிடைத்த நாள் அவர்களுக்குத் திருநாள், எங்களுக்குச் சாளைக் கருவாடு கிடைத்த நாள் மாதிரி. சிரித்துக்கொண்டே படித்துப் போனால் ஒரு வரியில் அழவைத்துவிடுவார்கள்.

தனியாக அனுபவிக்க முடியவில்லை. அண்ணன் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருக்கு ஒரு பிரதி வாங்கி அனுப்பினேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். அவர் ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிப்பார். உடனே அதை எங்கள் ஊர்ப் பேச்சில் போடுவார். ஒரு கதையில் ஒரு கசாப்புக்காரி பக்கத்து வீட்டுக்காரனைச் சபிக்கிறாள், உன் வீட்டில் தினமும் விருந்து நடக்கட்டும், நீ மட்டும் பத்தியம் கிட என்று. அண்ணன் அதை, "ஒன் வீட்டுல தெனமும் பருப்புப் பாயசம் கொதிக்கணும், ஒனக்கு சுகரு எறங்கவே கூடாது" என்று சொன்னார். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்று சத்தம் போட்டுச் சிரித்ததில், ஒரு சீனாக்காரக் கிழவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார். அந்த ஞாயிறுகளைவிட நல்ல நாட்கள் எனக்கு அந்த ஊரில் இருந்ததில்லை.

ஊர் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மதினி புளிக்கறியும் அவியலும் வைத்திருந்தாள். அண்ணன், "வந்தியா? மெலிஞ்சு போனியே" என்றார். அவர்தான் மெலிந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுத் தலைவார அலமாரிப் பக்கம் போனேன். அலமாரிக் கண்ணாடியை ஒரு பழைய வேட்டியால் மூடி, நாலு மூலையிலும் கட்டியிருந்தது. கை கழுவுமிடத்தில் இருந்த சின்னக் கண்ணாடியும் துணிக்குள்ளே.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் புரிந்திருக்காது. நான் அனுப்பிய புத்தகத்தில் ஒரு கதை. ஒரு மரவியாபாரியின் மகள், வேற்று மதத்து மாவுமில்காரன் மகனோடு போய்விடுகிறாள். அப்பா அவளைச் செத்தவளாக எண்ணித் துக்கம் காக்கிறார். வீட்டுக் கண்ணாடிகளைத் துணிபோட்டு மூடி, செருப்பில்லாமல், தாழ்ந்த பெட்டி மேல் ஏழு நாள் உட்கார்ந்திருக்கிறார். அது அவர்கள் வழக்கம். எங்கள் வழக்கத்தில் இது எதுவும் கிடையாது.

"மதினி, என்ன இது?" என்று அடுக்களையில் பிடித்தேன்.

"எனக்கு என்ன தெரியும் கோமு?" என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆத்துல முங்கிட்டு வந்தாரு. வந்ததும் கண்ணாடியெல்லாம் மூடினாரு. பூசைக்கு இருக்க மணைய எடுத்துப் போட்டு ஏழு நாளு அதுலயே இருந்தாரு. மோவாயி வழிக்கல்ல. செருப்பு போடல்ல. என்னன்னு கேட்டா, நம்ம பழைய மொறை, ஒனக்குத் தெரியாதுன்னாரு. நான் கெட்டி வந்த வீடு, எனக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல ஒருத்தரும் கேக்கல்லியா?"

"கேக்கதுக்கு என்ன? கஞ்சி கொண்டுவந்து குடுத்தாவ."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? எந்தக் கதையைப் படித்து அவர் விம்மியதை நான் கடல் தாண்டிக் கேட்டேனோ, அந்தக் கதையை அவர் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் காலையில் அண்ணனோடு வடசேரிக்குப் போனேன். நடந்தால் மனம் இளகும், பேச்சை எடுக்கலாம் என்று கணக்கு. சந்தையில் மட்டிப்பழக் குலைகளும் மரச்சீனி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக் கிழங்கும் குவிந்து கிடந்தன. டொராண்டோவில் கிழங்கை மெழுகு பூசிக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்பார்கள், பிணவறையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். இங்கே மண்ணோடு கிடந்தது. நான் பழம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"சாரே, ஒரு சந்தேகம். நம்ம மச்சினனுக்க பய ஒருத்திய இழுத்துட்டுப் போயிட்டான். அவரும் ஒங்கள மாதிரி மணை போட்டு இருக்கணும்னு சொல்லுகாரு. ஏழு நாளா, ஒம்பது நாளா?"

"ஏழு" என்றார் அண்ணன்.

"கண்ணாடி?"

"மூடணும். பீரோக் கண்ணாடி, எல்லாம்."

"செல்போனுல மொகம் தெரியுமே சாரே, அதுக்கு?"

அண்ணன் யோசித்து, "அதக் கமுத்தி வச்சாப் போதும்" என்றார். கடைக்காரர் என்னிடம் திரும்பி, "நம்ம முன்னோருக காரணம் இல்லாம ஒண்ணும் வைக்க மாட்டாவ, கேட்டியளா அக்கா" என்றார். கண்ணில் பக்தி. போலந்துப் பக்கத்து மரவியாபாரி ஒருவர் நாஞ்சில் நாட்டு முன்னோர் ஆனதை நான் அங்கே நின்று பார்த்தேன். இன்னும் இருபது வருடத்தில் யாராவது இதை ஆராய்ந்து பட்டம் வாங்குவார்கள்.

திரும்பும் வழியில் பேச்சை எடுத்தேன். "அண்ணே, அது யாரு வழக்கம்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சும்மா இரி."

"பகவதி வெள்ளிக்கிழமை போறா. நீங்க வந்து ஒரு தடவ பாத்தாப் போதும்."

அவர் பழப்பையைக் கைமாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

புதன்கிழமை குலசேகரம் போனேன். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் கட்டியும் நெரிசல் தீரவில்லை. வண்டிகள் பாலத்தின் மேலும் நின்றன, கீழும் நின்றன. அங்கே மாறி ஏறிய பேருந்தில் எனக்கு இருக்கை கிடைத்தது, ஆனால் அது தரையோடு ஒட்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் நானும் இருக்கையும் சேர்ந்து பக்கத்து ஆளின் மடிக்குப் போய்வந்தோம். அவர் ரப்பர் தோட்டத்து வேலைக்காரர். "பிடிச்சிருங்க, அடுத்தது பெரிய வளைவு" என்று அவரே முன்கூட்டி அறிவித்துக்கொண்டு வந்தார். மழை பெய்து விட்டிருந்தது. ரப்பர் மரங்களுக்கு இடையே ஷிபுவின் வீடு. கொடியில் ரப்பர் ஷீட்டுகள் துணி மாதிரி தொங்கின. அந்தப் புளித்த வாடையோடு உள்ளே மீன்கறி வாசனை.

ஷிபுவின் அம்மா வாழையிலையில் வேகவைத்த மரச்சீனியும் மீன்கறியும் வைத்தார். "தின்னுங்க. எனக்க மருமவளுக்கும் சொல்லுங்க. ஒரு வாரமா கோழி கொத்துக மாதிரி கொத்துகா" என்றார். பகவதி தலைகுனிந்து சிரித்தாள். அவளுக்கு அப்படியே அண்ணன் முகம். அதே மூக்கு, அதே முன்நெற்றி.

சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு அவள் என்னைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"அத்தை, அப்பா பேச வேண்டாம். ஏர்போர்ட்டு வாசலுல தூரத்துல நின்னாப் போதும். நான் பாத்துட்டுப் போயிருவேன்."

"கூட்டிட்டு வருவேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எனக்குத் தைரியம் குடுத்ததே ஒங்க புத்தகந்தான், தெரியுமா?" என்றாள். "ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் பேசும்போ நாந்தான் போன ஸ்பீக்கர்ல போடுவேன். அடுக்களையில நின்னு கேப்பேன். அந்த மரவியாபாரி கதை வாசிச்ச அன்னைக்கு அப்பா தேம்பித் தேம்பி அழுதாருல்லா? நான் கதவுக்குப் பின்னால நின்னேன். யாரோ ஊரு பேரு தெரியாத பிள்ளைக்கே இப்படி அழுகாரு, எனக்கு மனசு எரங்க மாட்டாரான்னு நெனச்சேன். அடுத்த மாசம் ஷிபுவப் பத்திச் சொன்னேன்."

அவள் கேட்ட அழுகையை நானும் கேட்டேன். நானும் அவளைப் போலத்தான் நினைத்தேன், அந்தப் பெண்ணுக்காக அழுகிறார் என்று. அவர் அழுதது அப்பனுக்காக.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசியாக அவரோடு உட்கார்ந்தேன். மதினி ரசவடையும் காப்பியும் வைத்துவிட்டு, கதவோரமாக நின்றாள். அண்ணன் பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, புத்தகத்தை எடுத்து வந்து அந்தக் கதையின் முடிவையே வாசிக்க ஆரம்பித்தார். எட்டாம் நாள் காலை மரவியாபாரி எழுந்து, கால் மரத்துப்போய் நொண்டி நடந்து, கண்ணாடியின் துணியை அவிழ்க்கிறார். உள்ளே தன் முகத்தில் மகளுடைய மூக்கைப் பார்க்கிறார். மறுபடியும் துணியை மூடிக் கட்டிவிடுகிறார். அவ்வளவுதான் கதை. அண்ணன் ஊர்ப் பேச்சில் அதைச் சொல்லும்போதே குரல் உடைந்தது. "சவம், என்னமா எழுதிருக்கான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். தோள் குலுங்கியது. இதைவிட நல்ல வாசகர் அந்த எழுத்தாளனுக்குக் கிடைத்திருக்க மாட்டார். அதுதான் என் ஆத்திரம்.

"அழுதது போதும் அண்ணே. நாளைக்கு காலையில கார் வருது. சட்டைய மாத்திட்டு ஏறுங்க."

"செத்தவளப் பாக்க எவனாவது போவானா?"

"அவ சாகல்ல. குலசேகரத்துல கெழங்கு தின்னுட்டு இருக்கா. அழுதுட்டு இருக்கா."

அவர் துண்டை மடித்தார்.

"ஒண்ணு சொல்லுகேன்" என்றேன். "இந்தக் கதையில வார மாதிரி ஊரெல்லாம் இப்பம் கெடையாது. ரெண்டாம் உலக யுத்தத்துல ஜெர்மன்காரன் ஒவ்வொரு ஊரா காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுட்டான். துக்கம் இருந்த அப்பன், பக்கத்துல இருந்து ஆறுதல் சொன்னவன், சடங்கு சொல்லிக்குடுத்தவன், ஒருத்தன் மிச்சமில்ல. இவனுவளுக்கு ஏழு நாளு இருக்க ஆளில்ல அண்ணே. முன்னாலயே சண்டை போட்டுட்டு, கப்பலேறித் தூர தேசம் போச்சுல்லா சில பிள்ளைய, அதுவதான் மிச்சம். அதுவதான் இந்தக் கதையளக் காப்பாத்தி வச்சது. நீங்க வாசிச்சு அழுகியளே, அது ஒரு தலைமுழுகின பிள்ளை குடுத்த புத்தகமா இருக்கும்."

மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணன் புத்தகத்தை மூடிப் பக்கத்தில் வைத்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மடச்சி.

"அப்பம், தள்ளி வச்சதுனாலதான் அந்தப் பிள்ளைய பொழைச்சிருக்கு" என்றார் அண்ணன் கடைசியில். "நான் செஞ்சதும் அவளுக்கு நல்லதுக்குத்தான். எங்கயாவது நல்லா இருக்கட்டும்."

நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு உரைநடையும் செய்யுளும் நடத்திய மனிதர் அவர். எதைக் கொடுத்தாலும் தனக்கு வேண்டியதை மட்டும் உறிஞ்சிக்கொள்ளத் தெரிந்தவருக்கு என்ன கதையைக் கொடுத்து என்ன? கதைகள் மனிதனை இளக்கும் என்று நான் யாரிடமெல்லாமோ பெருமையடித்திருக்கிறேன். இளக்கும். இளகியது திரும்பவும் பழைய அச்சிலேயே போய் இறுகும். இதை எந்த முன்னுரையிலும் நான் படித்ததில்லை.

காலையில் கார் வந்தது. அங்கிருந்தே நானும் கனடா திரும்புவதால் என் பெட்டியையும் ஏற்றினேன். மதினி ஒரு சின்ன டப்பாவில் நேந்திரங்காய் வறுவல் போட்டு என் பைக்குள் திணித்தாள், யாருக்கு என்று சொல்லவில்லை. அவளையாவது வரச் சொன்னேன். வாசலில் நின்ற அண்ணனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று தலையாட்டினாள். அண்ணன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மனம் மாறிவிட்டது என்று நான் இருக்கையில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டேன்.

"அந்த ஆளு எழுதுன வேற புத்தகம் உண்டும்னா அடுத்த தடவ கொண்டுவா மக்கா" என்றார்.

டிரைவரிடம் வண்டியை எடு என்றேன்.

விமான நிலையத்தில் புறப்பாட்டு வாசலில் பகவதியும் ஷிபுவும் முன்பே வந்து நின்றார்கள். ஷிபுவின் வீட்டார் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஜெபம் நடந்தது, அழுகை நடந்தது, யாரோ ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து எடை கூடுமென்று திட்டு வாங்கிக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத்திலிருந்து நான் ஒருத்தி. பகவதி என் காரின் பின்கதவையே பார்த்தாள். டிரைவர் இறங்கி அதைச் சாத்தினார்.

"வரல்லியா?"

"வரல்ல மக்கா."

அவள் அழவில்லை. வறுவல் டப்பாவை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். பாஸ்போர்ட்டை எடுத்து, திரும்பவும் உள்ளே வைத்து, மறுபடி எடுத்தாள்.

"என்னயப் பத்திப் பேசினியளா? ஒண்ணும் சொல்லல்லியா? அழுதாரா?"

"அழுதாரு" என்றேன். "நேத்து சாயங்காலம். துண்ட மொகத்துல வச்சு அழுதாரு."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அப்புறம் அடுக்களையில் நின்று அத்தனை ஞாயிறும் கேட்டவள் அல்லவா, என்னை நேராகப் பார்த்தாள்.

"கதைக்கா அத்தை, எனக்கா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். டொராண்டோவிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்த எனக்கு ஒரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"செரி, போவட்டு" என்றாள் அவள். ஷிபு தள்ளுவண்டியோடு முன்னால் போனான். அவளும் பின்னாலேயே கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள்.